கடையைப் பிரான்சைஸாக்கும் முன் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பெயர் எடுத்த பசியாறக் கடை, மசாலைத்தூள் மில், முறுக்கு வியாபாரம், டியூஷன் நிலையம் எதுவானாலும், நாலு வருடம் நன்றாக ஓடினால் யாராவது ஒருவர் வந்து "உங்கள் பெயரில் எங்கள் ஊரிலும் போடலாமா?" என்று கேட்பார். இப்படிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரிலும் முறையிலும் கடை நடத்த இன்னொருவருக்கு உரிமை கொடுப்பதுதான் பிரான்சைஸ். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் உணவுக்கடையிலிருந்து வருகின்றன. சட்ட விவரங்கள் மலேசியாவின் 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டத்தின்படி, 28 ஏப்ரல் 2022 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களையும் சேர்த்துத் தரப்பட்டுள்ளன.

கடை நன்றாக ஓடுகிறது. முதலில் யாரைப் போய்ப் பார்ப்பது?

கணக்காளரை. பெரும்பாலோர் நேராகப் பிரான்சைஸ் ஆலோசகரிடம் போகிறார்கள். அவருடைய வேலை பிரான்சைஸ் ஆவணம் தயாரிப்பது. "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு வருமானம் இல்லை. உங்கள் வியாபாரம் இதற்குத் தாங்குமா என்பதைப் பணம் வாங்காமலே, அல்லது சிறு கட்டணத்தில், சொல்லக்கூடியவர் உங்கள் கணக்கைப் பார்ப்பவர்தான். அவர் சரி என்றால் அடுத்து வணிகச் சின்ன முகவர். பிறகு இரண்டாவது கடை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகுதான் ஆலோசகரும் வழக்கறிஞரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களிடம் அழகாக பைண்டு செய்த கையேடு இருக்கும். அதன்படி ஓடும் கடை இருக்காது.

கணக்காளரிடம் சரியாக எதைக் கேட்க வேண்டும்?

"எனக்கு எவ்வளவு லாபம்?" என்று கேட்காதீர்கள். "எங்கள் குடும்பத்து உழைப்புக்குச் சம்பளம் போட்டு, கடைக்குச் சந்தை வாடகை போட்டு, அதன்மேல் ராயல்டியும் கழித்தால் என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். ராயல்டி என்பது உரிமை எடுப்பவர் உங்களுக்கு மாதாமாதம் கட்டும் பங்கு. கீழே உள்ளது கணக்கு புரிவதற்காகப் போட்ட ஒரு மாதிரி.

மாத விற்பனை 45,000 ரிங்கிட். சமையல் பொருள் 38 விழுக்காடு, அதாவது 17,100. தொழிலாளர் சம்பளம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகக் காப்புறுதி) சேர்த்து 11,000. வாடகை 2,500. மின்சாரம், தண்ணீர், கேஸ் 2,800. பொட்டலப் பொருள், பழுதுபார்ப்பு, லைசென்ஸ், கணக்குச் செலவு 2,200. மொத்தச் செலவு 35,600. கையில் 9,400 நிற்கிறது. பார்ப்பதற்கு நல்ல வியாபாரம்.

ஆனால் அதிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டுவது நீங்கள், கல்லாவில் இருப்பது உங்கள் மனைவி. உரிமை எடுப்பவர் அந்த இடத்தில் ஒரு மேலாளரையும் (3,200) ஒரு தலைமைச் சமையல்காரரையும் (2,800) வைத்தால் 6,000 போய்விடும். மீதி 3,400. ராயல்டி 5 விழுக்காடு என்றால் 2,250, விளம்பர நிதி 2 விழுக்காடு என்றால் 900. கடைசியில் நிற்பது 250 ரிங்கிட். கடை போட இரண்டு லட்சம் செலவழித்தவருக்கு இதில் முதல் எடுக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்கில் தேறாத கடையை எந்த ஆலோசகராலும் தேற்ற முடியாது. விலை, அளவு, மெனு, ஆள் எண்ணிக்கை இவற்றைச் சரிசெய்து, ராயல்டியும் கழித்தபின் உரிமை எடுப்பவர் மூன்று, நான்கு ஆண்டுக்குள் முதலை எடுக்க முடிகிறதா என்று மறுபடி போட்டுப் பாருங்கள். சொந்தக் கட்டடத்தில் வாடகை இல்லாமல் ஓடும் கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். ஆனாலும் போட்டே ஆகவேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். அது ஒரு பிரச்சினையா?

பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் வெற்றியில் எவ்வளவு இந்த ஊரோடு ஒட்டியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் ஐந்து மணிக்கே வரும் கூட்டம் ஈப்போ நகரில் இருக்காது. மாதம் பிறந்து முதல் வாரத்தில் சம்பளம் விழுந்ததும் ஏறி, மாதக் கடைசியில் இறங்கும் விற்பனையும் அங்கே வேறு மாதிரி இருக்கும். கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுப்பது இங்கே மூன்று தலைமுறைப் பழக்கத்தில் நடக்கிறது. புதிதாய் வந்த உரிமைக்காரர் அதைச் செய்தால் ஆறு மாதத்தில் கடை மூடும். கடன் விற்பனை எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு உங்கள் விற்பனையை மறுபடி பாருங்கள்.

இடத்தையும் பாருங்கள். தாய்க்கடை தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் வாய்ப்பேச்சு வாடகையில் இருக்கிறதா? தற்காலிக நில அனுமதியில், அதாவது டிஓஎல்லில் இருக்கிறதா? டிஓஎல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிந்து புதுப்பிக்கப்படுவது. ஐந்தாண்டு உரிமை வாங்க வருபவர் பார்க்கும் முன்மாதிரிக் கடைக்கு ஓராண்டு நிலம்கூட உறுதி இல்லை என்றால் அது பெரிய ஓட்டை. தாய்க்கடையை எழுத்துப்பூர்வக் குத்தகை உள்ள கடைவீட்டுக்கு மாற்றுவதை முதலில் முடியுங்கள்.

பெயரைப் பதிவு செய்திருக்கிறோம், எஸ்எஸ்எம்மில். போதாதா?

போதாது. எஸ்எஸ்எம், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு, வியாபாரம் நடத்த மட்டுமே. பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை தருவது 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் செய்யும் பதிவு. வணிகச் சின்னம் பதிவாகாமல் பிரான்சைஸ் பதிவு நகராது. எனவே கணக்கு தேறியதும் செய்ய வேண்டிய முதல் செலவு இது.

பொருள், சேவை வகைக்கு ஏற்ப எண்ணிட்ட வகுப்புகள் உண்டு. சரியான வகுப்பில் போடுங்கள். உணவுக்கடைச் சேவை வகுப்பு 43. மசாலைத்தூள், முறுக்கு வகுப்பு 30. சில்லறை விற்பனை வகுப்பு 35. டியூஷன் 41, அழகு நிலையம் 44. கடையும் நடத்தி, பொட்டலத்தில் மசாலையும் விற்பவர் 43இல் மட்டும் போட்டுவிட்டால், மசாலைப் பொட்டலத்தில் அதே பெயரை இன்னொருவர் பதிந்துகொள்ள வழி விட்டதாகிவிடும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு வெளியிடப்பட்டபின் ஆட்சேபத்துக்கு இரண்டு மாதம் உண்டு. தடை இல்லாமல் போனாலும் முழுதாக முடிய ஓராண்டு வாக்கில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இங்கே அதிகம் கெடுவது இரண்டு விஷயத்தில். ஒன்று, அம்மன் பெயர், "அன்னபூரணி", "செட்டிநாடு" போன்ற எல்லோரும் வைக்கும் பெயர். முன்பே வேறொருவர் பதிந்திருப்பார், அல்லது தனித்தன்மை இல்லை என்று நிராகரிக்கப்படும். இன்னொன்று, சின்னம் அண்ணன் பெயரில், லைசென்ஸ் அப்பா பெயரில், வங்கிக் கணக்கு தம்பி பெயரில். எல்லாவற்றையும் உரிமை கொடுக்கப்போகும் நிறுவனத்தின் பெயருக்கு எழுத்தில் மாற்றுங்கள். அப்பா இருக்கும்போதே மாற்றுவது நல்லது.

பிரான்சைஸ் என்று சொல்லாமல் "லைசென்ஸ்" என்று எழுதிக் கொடுத்தால் பதிவு வேண்டாம் என்கிறார்களே?

ஒப்பந்தத்தின் தலைப்பைச் சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் முறைப்படி குறிப்பிட்ட காலத்துக்கு வியாபாரம் நடத்த உரிமை கொடுக்கிறீர்கள், சின்னத்தையோ தொழில் ரகசியத்தையோ பயன்படுத்த விடுகிறீர்கள், அவர் நடத்தும் விதத்தைத் தொடர்ந்து கட்டுப்படுத்துகிறீர்கள், அதற்குக் கட்டணமோ வேறு பலனோ வாங்குகிறீர்கள் என்றால் அது பிரான்சைஸ்தான். வாய்மொழி ஏற்பாடானாலும் அந்த வரையறைக்குள் வரும்.

பதிவு செய்யாமல் நடத்தினாலோ விற்க முன்வந்தாலோ குற்றம். நிறுவனத்துக்கு முதல் தடவை 250,000 ரிங்கிட் வரை அபராதம், அடுத்த தடவை 500,000 வரை. தனிநபருக்கு 100,000 வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் தண்டனை இன்னும் கூடும்.

ஆள் ஒருவர் முன்பணத்தோடு வந்து நிற்கிறார். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பதிவு செய்யலாமா?

கூடாது. தீபாவளிச் சந்தையில் "பிரான்சைஸ் வாய்ப்பு" என்று பதாகை கட்டுவதும், ஃபேஸ்புக்கில் விலை போடுவதும்கூட விற்க முன்வருவதாகவே கொள்ளப்படும். வந்தவரின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் தொடாதீர்கள். பதிவு முடிந்த பிறகும், ஒப்பந்தத்துக்கு முன் ஏதேனும் தொகை வாங்கினால் அது எதற்கு, எப்போது திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

பதிவுக்கு என்னென்ன வேண்டும்?

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரான்சைஸ் பதிவதிகாரியிடம், மைஃபெக்ஸ் இணைய முறை வழியாக விண்ணப்பம் போகிறது. முழு விவர வெளிப்படுத்தல் ஆவணம், மாதிரி ஒப்பந்தம், இயக்கக் கையேடு, பயிற்சிக் கையேடு, தணிக்கை செய்த அண்மைக் கணக்கு ஆகியவை அடிப்படை.

தணிக்கை என்ற சொல்லைக் கவனியுங்கள். தனியாள் வியாபாரமாகவோ பங்காளி வியாபாரமாகவோ இருந்தால் முதலில் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆக்குங்கள். சிறு நிறுவனங்களுக்குத் தணிக்கை விலக்கு உண்டு. செலவு மிச்சம் என்று அதை எடுத்துக்கொண்டால், நாளைக்குக் காட்டத் தணிக்கைக் கணக்கு இருக்காது. பிரான்சைஸ் எண்ணம் இருப்பவர் இன்றிலிருந்தே தணிக்கை செய்துவர வேண்டும். மூன்றாண்டுக் கணக்கு கையில் இருந்தால் பதிவதிகாரிக்கும் நம்பிக்கை வரும், வாங்க வருபவருக்கும் வரும்.

பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். முடிவதற்கு 30 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டறிக்கை தர வேண்டும். உங்களிடம் உரிமை எடுப்பவரும் ஒப்பந்தம் கையெழுத்தாகி 14 நாளுக்குள் தன் பங்குக்குப் பதிய வேண்டும். இதை அவருக்கு நினைவூட்டாமல் விடுகிறவர்கள் நிறைய.

எங்கள் கடையின் பலமே கைமணம். அதை எப்படிக் கையேட்டில் எழுதுவது?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "கொஞ்சம்", "தேவையான அளவு", "பதம் வரும்வரை" என்ற சொல் கையேட்டில் ஓர் இடத்தில்கூட இருக்கக்கூடாது. ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, சமைப்பவர் வழக்கம்போல் சமைக்க, வேறொருவர் பக்கத்தில் நின்று அளந்து எழுத வேண்டும். சமைப்பவரையே எழுதச் சொன்னால் கை தானாகச் செய்வதை அவர் எழுத மறந்துவிடுவார். ஒரே பதார்த்தத்தை வெவ்வேறு நாளில் குறைந்தது ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்கள். பிறகு சமையல் தெரிந்த, ஆனால் உங்கள் கடையில் வேலை செய்யாத ஒருவரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம் முடிந்தது.

தோசை மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். உளுந்து எந்த ரகம், எத்தனை மணி ஊறல், கிரைண்டரில் எத்தனை நிமிடம், தண்ணீர் எத்தனை லிட்டர், உப்பு எத்தனை கிராம், எந்த வெப்பத்தில் எத்தனை மணி புளிப்பு என்று வர வேண்டும். சுங்கை சிப்புட் வெப்பத்தில் எட்டு, பத்து மணியில் பொங்கும் மாவு கேமரன் மலை தானா ராத்தாவில் அதே நேரத்தில் அசையாமல் கிடக்கும். அங்கே கடை போட்டவர் "உங்கள் கையேடு தப்பு" என்பார், அவர் சொல்வது சரிதான். வெப்பத்துக்கு ஏற்ற அட்டவணை கொடுங்கள், அல்லது புளிப்பறையின் வெப்பத்தை 28 பாகைக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

அளவையும் எழுதுங்கள். கோழிக் குழம்பில் தட்டுக்கு 120 கிராம் கோழி என்று விலை போட்டுவிட்டு, பரிமாறுபவர் தாராளமாக 150 போட்டால், நாளுக்கு 150 தட்டில் 4.5 கிலோ கூடுதல். கிலோ 10 ரிங்கிட் என்று வைத்தாலும் 26 நாளில் 1,170 ரிங்கிட் போய்விடும். மேலே சொன்ன கணக்கில் மிஞ்சியதே 250தான் என்பதை நினைவில் வையுங்கள். கரண்டியின் மில்லிலிட்டர் அளவு, துண்டு போடும் எண்ணிக்கை, சூடான உணவு 60 பாகைக்குக் கீழே இறங்காமல் வைப்பது, மீந்ததை என்ன செய்வது, எல்லாம் அதில் சேரும்.

ரகசியத்தைக் காக்க வேண்டிய மசாலையை மட்டும் நீங்களே வறுத்து அரைத்து, ஒரு கிலோ பொட்டலமாகக் கொடுங்கள். அப்படிக் கட்டாயமாக உங்களிடமே வாங்க வேண்டிய பொருள் என்னென்ன என்பதை வெளிப்படுத்தல் ஆவணத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மசாலை விலையில் லாபம் வைத்து, ராயல்டியும் வாங்கி, இரண்டு பக்கமும் இறுக்கினால் உரிமைக்காரர் சந்தையில் வேறு தூள் வாங்கிக் கலப்பார். அன்றோடு உங்கள் ருசி போயிற்று.

இரண்டாவது கடை கட்டாயமா?

எங்கள் கருத்தில் கட்டாயம். அதுவும் இதே ஊரில் வேண்டாம். ஈப்போ அல்லது தைப்பிங், உங்கள் முகம் தெரியாத இடத்தில், வாடகைக் கடைவீட்டில், சம்பளத்து மேலாளரை வைத்து, கையேட்டின்படி மட்டும் நடத்துங்கள். குடும்பத்தார் யாரும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது. குறைந்தது பன்னிரண்டு மாதம் ஓட்டினால் தீபாவளி, நோன்பு மாதம், பள்ளி விடுமுறை எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். மேலாளர் வாரத்தில் எத்தனை தடவை, எதற்காக உங்களுக்கு போன் போடுகிறார் என்று குறித்துவையுங்கள். ஒவ்வோர் அழைப்பும் கையேட்டில் விடுபட்ட ஒரு வரி.

ஆலோசகர் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரான்சைஸ் ஆலோசகரும் தரகரும் பதிவதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள். அவர் ஆவணம் செய்துகொடுத்த மூன்று நிறுவனங்களின் பெயரை வாங்கி, அவற்றிடம் உரிமை எடுத்தவர்களோடு நீங்களே பேசுங்கள். உரிமை கொடுத்தவரோடு பேசினால் பாதிக்கதைதான் கிடைக்கும். கடைக்கு வந்து ஒரு முழுநாள் நிற்காமல் கையேடு எழுதுகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். அவர் கொடுப்பது ஏற்கனவே வேறு கடைக்கு எழுதியதாகத்தான் இருக்கும். சில சமயம் அந்தக் கடையின் பெயர்கூட உள்ளே மிச்சம் இருக்கும்.

கட்டணத்தை வேலைப் படிகளோடு கட்டுங்கள். தொடக்கத்தில் இருபது விழுக்காடு, கையேட்டு வரைவு கடையில் சோதித்தபின் முப்பது, விண்ணப்பம் போனதும் முப்பது, பதிவு கிடைத்ததும் இருபது என்பது நியாயமான பங்கீடு. "முதல் வருடத்தில் பத்து கடை விற்றுத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் தரகர் வேலை பேசுகிறார்.

இலவசமாக அல்லது குறைந்த செலவில் கேட்கும் இடங்களும் உண்டு. 1994இல் தொடங்கிய மலேசிய பிரான்சைஸ் சங்கம் பயிற்சி நடத்துகிறது. அரசு சார்பில் பிரான்சைஸ் வளர்ச்சியைப் பார்ப்பது பெர்னாஸ் எனப்படும் பெர்பாடானான் நாசியோனல் பெர்ஹாட். அமைச்சின் பேராக் கிளை ஈப்போவில் இருக்கிறது. போகும்போது இரண்டாண்டுக் கணக்கையும் மெனுவையும் எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு போனால் துண்டுப் பிரசுரம்தான் கிடைக்கும்.

ராயல்டியை விற்பனையில் வைப்பதா, லாபத்தில் வைப்பதா?

விற்பனையில். லாபத்தை எப்படியும் குறைத்துக் காட்டலாம். விற்பனையை மறைப்பது கொஞ்சம் கடினம், ஆனால் முடியாததில்லை. கல்லாவில் உரிமைக்காரர் வாடிக்கையாளர் போனில் பணம் செலுத்தும் தன் சொந்த டுவிட்நவ் கியூஆர் அட்டையை வைத்தால் அந்தப் பணம் விற்பனை முறைக்குள் வரவே வராது. நிறுவனக் கணக்கின் கியூஆர் மட்டும், உங்களுக்கும் திறக்கும் பிஓஎஸ் (விற்பனையைப் பதியும் கல்லா முறை), மசாலைப் பொட்டலக் கொள்முதலோடு மாதாமாதம் விற்பனையை ஒப்பிடுவது, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பத்து பொட்டலத்துக்கு எத்தனை தட்டு வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

விளம்பர நிதி வாங்கினால் அது உங்கள் பணம் அல்ல. தனிக் கணக்கில் போட்டு, விளம்பரத்துக்கு மட்டும் செலவழித்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவதிகாரியிடம் கணக்குத் தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் சட்டமே விதித்திருப்பது எது?

எழுத்தில் இருக்க வேண்டும். காலம் ஐந்தாண்டுக்குக் குறையக்கூடாது. வெளிப்படுத்தல் ஆவணத்தையும் ஒப்பந்த நகலையும் கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு கொடுக்க வேண்டும். கையெழுத்தான பின் குறைந்தது ஏழு வேலைநாள் மனம் மாற அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவைக் கழித்து மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும். பாதியில் ஒப்பந்தத்தை முறிக்கத் தக்க காரணம் வேண்டும். மீறலைத் திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். முடிந்தபின் இரண்டாண்டு வரை அவர் அதே வியாபாரம் செய்யக்கூடாது, ரகசியத்தையும் வெளியிடக்கூடாது.

வழக்கறிஞரைத் தேடும்போது பிரான்சைஸ் ஒப்பந்தம் எழுதியவராகப் பாருங்கள். வீடு, நிலம் எழுதுபவர் நல்லவராக இருக்கலாம். இந்தச் சட்டத்தில் ஒரு கட்டாயப் பிரிவை விட்டுவிட்டால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம்.

முதல் உரிமையை மச்சானுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அதே கட்டணத்தில், அதே ஒப்பந்தத்தில். ராயல்டி வராத மாதத்தில் கடிதம் அனுப்ப உங்களால் முடியாது என்று தோன்றினால் கொடுக்காதீர்கள். மற்ற உரிமைக்காரர்கள் அவர் கட்டவில்லை என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் தமிழ்நாட்டுச் சமையல்காரரைப் புதுக் கடைக்கு அனுப்பிப் பழக்கலாமா?

அவருடைய வேலை அனுமதி உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. உரிமைக்காரரின் கடை வேறொரு முதலாளியின் கடை. அங்கே அவரை வேலை செய்ய விட்டால் குடிநுழைவுச் சிக்கல் இரண்டு பேருக்கும் வரும். பயிற்சியை உங்கள் கடையில் வைத்து, உரிமைக்காரரின் ஆட்களை இங்கே வரவழையுங்கள். ஒரு வெளிநாட்டுச் சமையல்காரர் ஊருக்குப் போனால் நின்றுபோகும் வியாபாரம் பிரான்சைஸுக்கு இன்னும் தயாராகவில்லை.

ஹலால், நகராண்மை லைசென்ஸ் எல்லாம் எங்களுடையதே போதுமா?

போதாது. ஒவ்வொரு கடைக்கும் அந்தந்த ஊராட்சி மன்ற லைசென்ஸ் தனி, ஹலால் சான்றிதழும் அந்தந்த இடத்துக்குத் தனி. உணவு கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். மசாலையும் மாவும் மையச் சமையற்கூடத்தில் தயாரித்து அனுப்பினால் அந்தக் கூடத்துக்குச் சுகாதார அமைச்சின் மெஸ்தி எனும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுங்கள்.

கணக்கு தேறவில்லை. பெயர் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. வேறு வழி?

மூன்று வழி உண்டு. சொந்தக் கிளை போடலாம். முதல் உங்களுடையது, கட்டுப்பாடும் உங்களுடையது. சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது. இரண்டாவது, கூட்டாளியோடு ஒரு நிறுவனம் அமைத்து அந்தக் கிளையில் மட்டும் பங்கு கொடுக்கலாம். மூன்றாவது, கடையை விட்டுவிட்டு மசாலையையோ மாவையோ முறுக்கையோ மட்டும் மற்ற கடைகளுக்கு விற்கலாம். வாங்குபவர் தன் பெயரில் தன் இஷ்டப்படி கடை நடத்துவார், நீங்கள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. அது சாதாரண மொத்த வியாபாரம். சின்னச் சமையலறையும் பெரிய பெயரும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியைத்தான் நாங்கள் சொல்வோம். தேவைப்படுவது மெஸ்தி, வகுப்பு 30இல் சின்னப் பதிவு, காலாவதித் தேதி சரியாக அச்சிட்ட பொட்டலம், முப்பது நாள் கடனுக்கு மேல் கொடுக்காத உறுதி.